நிறுத்தும் காவலும் நடத்தும் காவலும்: ஹபிள், வாயேஜர் ஓர் ஒப்பாய்வு

2021 ஜூன் 13. பூமிக்கு மேலே அப்போது ஏறத்தாழ 540 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்துகொண்டிருந்த ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில், அறிவியல் கருவிகளை ஒருங்கிணைத்து இயக்கும் கணினி திடீரென நின்றுபோனது. தான் இயங்கிக்கொண்டிருப்பதை அந்தக் கணினி தலைமைக் கணினிக்கு ஒரு சமிக்ஞை மூலம் ஓயாமல் தெரிவித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சமிக்ஞை வராமல்போகவே, தலைமைக் கணினி தரையிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திராமல் எல்லாக் கருவிகளையும் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் ஹபிள் எதையும் பார்க்கவில்லை.

அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 2020 ஜனவரி 25 அன்று, சுமார் 1,850 கோடி கிலோமீட்டர் தொலைவில் வாயேஜர் 2 தன் காந்தமானியை அளவுதிருத்தம் செய்துகொள்வதற்காக ஒரு முழுச் சுற்று சுழன்றிருக்க வேண்டும். குறித்தபடி சுழலவில்லை. அந்தத் தாமதத்தால், மின்சாரத்தை அதிகம் இழுக்கும் இரண்டு அமைப்புகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இருப்பை மீறிச் செலவாவதைக் கண்ட பழுதுக் காவல் நிரல், அப்போது இயங்கிக்கொண்டிருந்த அறிவியல் கருவிகளை அணைத்தது.

இரண்டு இடத்திலும் ஆபத்து வந்ததும் முதலில் விலையாகப் போனவை அறிவியல் கருவிகள்தாம். எந்த வேலைக்காகக் கலம் அனுப்பப்பட்டதோ அந்த வேலைதான் முதலில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரணாகத் தோன்றும். ஆனால் கலம் பிழைத்தால் கருவியை நாளை மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆண்டெனா பூமியைப் பார்க்காமல் திரும்பிவிட்டாலோ எரிபொருள் குழாய் உறைந்துவிட்டாலோ நாளை என்பதே கிடையாது. வீட்டு மின்பலகையில் எம்.சி.பி. விழும்போது டிவி அணைகிறதே என்று யாரும் எம்.சி.பி.யைத் திட்டுவதில்லை. திட்ட வேண்டியது, அது தேவையில்லாமல் விழும்போது. ஒப்பீடு சுவைப்பதும் அந்த இடத்தில்தான்.

ஹபிளையும் வாயேஜரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. இரண்டும் 1970களின் பொறியியல் சிந்தனையில் உருவானவை. வாயேஜர் இரட்டைக் கலங்கள் 1977 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கிளம்பின. ஹபிள் 1990 ஏப்ரலில்தான் ஏறியது என்றாலும், அதன் கருவிகளை இயக்கும் என்.எஸ்.எஸ்.சி.-1 கணினி பழைய தலைமுறையைச் சேர்ந்தது. இரண்டிலும் முக்கிய மின்னணுப் பெட்டிகள் இரட்டையாக இருக்கின்றன. ஒன்று போனால் மற்றொன்று. இரண்டும் நாசாவின் பிள்ளைகள். ஒன்றை மேரிலாந்தின் கோடார்ட் மையமும் மற்றொன்றைக் கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் வளர்க்கின்றன. வேறுபாடு தூரத்தில். ஹபிளுக்கு அனுப்பும் உத்தரவு தொடர்புச் செயற்கைக்கோள்கள் வழியாக நொடியில் போய்ச் சேரும். வாயேஜர் 2-க்கு 2020-இல் ஒரு வார்த்தை போய்ச்சேர 17 மணி நேரம், பதில் வர இன்னொரு 17.

தூரம் மாறும்போது காவலின் குணமும் மாறுகிறது.

ஹபிளின் காவல் அடிப்படையில் நிறுத்தும் காவல். ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் கருவியை அசையாத நிலைக்குக் கொண்டுபோ, பிறகு தரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் காவல் பல அடுக்குகளாக இருக்கிறது. புறஊதா ஒளியை அளக்கும் உணரிகள் மீது அளவுக்கு மீறிப் பிரகாசமான விண்மீனின் ஒளி விழுந்தால் அவை கெட்டுப்போகும். அதனால் வந்து விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் உணரியின் உயர் மின்னழுத்தத்தைக் கருவியே அணைத்துக்கொள்ளும். அதற்கும் முன்பாக, பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தில் நோக்கப்போகும் வான்பரப்பில் அப்படிப்பட்ட விண்மீன் இருக்கிறதா என்று ஆட்கள் சலித்துப் பார்த்துவிடுவார்கள். அதாவது தானியங்கிக் காவலுக்கு வேலை வராமல் பார்த்துக்கொள்வதே மனிதரின் முதல் வேலை.

வாயேஜரின் காவலுக்கு அந்த வசதி கிடையாது. அதன் உத்தரவுக் கணினியின் நினைவகம் 18 பிட் கொண்ட 4,096 சொற்கள் மட்டுமே. இன்றைக்கு ஒரு கைப்பேசிப் படத்தில் சிறு மூலையைக்கூட அதில் சேமிக்க முடியாது. அதற்குள் ஏழு உயர்மட்டப் பழுதுக் காவல் நிரல்களை அடைத்தார்கள். ஒவ்வொன்றும் பலவகைக் கோளாறுகளைக் கண்டுகொண்டு, நொடிகளிலோ நிமிடங்களிலோ கலத்தைப் பத்திரமான நிலைக்குக் கொண்டுவர வல்லது. நிறுத்துவதோடு இவற்றின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. எந்த உறுப்பு பழுது என்று தாமே ஊகித்து, மாற்று உறுப்புக்குத் தாவி, பூமியோடு தொடர்பை மீட்டெடுப்பதும் இவற்றின் கடமை. இதை நடத்தும் காவல் என்று சொல்லலாம்.

நடத்தும் காவல் எவ்வளவு தூரம் போகும், எங்கே தடுமாறும் என்பதற்கு 1978-ஐ விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ஆண்டு வசந்த காலத்தில் ஆய்வகத்தின் கவனமெல்லாம் வாயேஜர் 1-இன் சிக்கிக்கொண்ட நோக்குமேடை மீது இருந்தது. வாயேஜர் 2-க்கு வழக்கமாக அனுப்ப வேண்டிய உத்தரவு அனுப்பப்படாமல் விட்டுப்போனது. கலத்துக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது: ஏழு நாள் பூமியிலிருந்து எதுவும் வராவிட்டால் உன் சமிக்ஞை வாங்கி பழுது என்று எடுத்துக்கொள். ஏப்ரல் 5 அன்று அது அப்படியே எடுத்துக்கொண்டு மாற்று வாங்கிக்குத் தாவியது. பழுது கலத்தில் இல்லை, பூமியில் இருந்தது. காவலுக்கு அது எப்படித் தெரியும்? மௌனம் எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்பதை மௌனத்தைக் கொண்டே கண்டுபிடிக்க முடியாது.

பொல்லாத நேரம், மாற்று வாங்கியில் ஏற்கெனவே கோளாறு இருந்தது. வருகிற சமிக்ஞையின் அலைவெண் மாறும்போது அதைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும் சுற்றில் ஒரு மின்தேக்கி செயலிழந்திருந்தது. பூமியிலிருந்து எவ்வளவு கூப்பிட்டும் காதில் விழவில்லை. பன்னிரண்டு மணி நேரம் கழித்து நிரல் முதல் வாங்கிக்குத் திரும்பியது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அரை மணி நேரத்தில் அந்த முதல் வாங்கி மின்கோளாறால் நிரந்தரமாகச் செத்தது. மறுபடி ஏழு நாள் கடிகாரம் ஓடி முடியும்வரை செய்ய ஒன்றுமில்லை. ஏப்ரல் 13 அன்று கலம் மீண்டும் அந்த அரைச்செவிட்டு வாங்கிக்கு மாறியதும், அது எந்த அலைவெண்ணில் கேட்டுக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டு அதே இடத்தில் பேசிப் பிடித்தார்கள். அன்றிலிருந்து அந்த வாங்கி கேட்கும் அலைவெண் அகலம் முன்பிருந்ததில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். பூமியின் சுழற்சி, பூமியும் கலமும் ஓடும் ஓட்டம், வாங்கியின் வெப்பநிலை எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் ஒவ்வோர் உத்தரவும் போகிறது. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் அந்த ஒற்றை வாங்கியோடு வாயேஜர் 2 பார்த்து முடித்தது.

தவறான முடிவெடுத்த காவலை என்ன செய்வது? அணைத்துவிடலாம். ஆய்வகம் நேர்மாறாகச் செய்தது. எஞ்சியிருக்கும் வாங்கியும் ஒருநாள் போய்விட்டால் கலம் யாருடைய உத்தரவும் இல்லாமலேயே அடுத்த கோளைக் கடக்கும்போது அடிப்படை அளவீடுகளையாவது செய்து அனுப்பட்டும் என்று ஒரு மாற்றுப் பயணத் திட்டத்தை நினைவகத்திலேயே ஏற்றி வைத்தது. பாதுகாப்பு நிலைக்குப் போய் ஒடுங்கிக்கொள்வதற்கும், காது கேட்காவிட்டாலும் வேலையை முடித்துவிடு என்பதற்கும் இடையில் பெரிய தத்துவ வேறுபாடு இருக்கிறது. ஹபிளில் இந்த இரண்டாவது சிந்தனைக்கு வெகுகாலம் தேவையே எழவில்லை. ஒரு விண்மீன்மண்டலத்தை இன்று படம்பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் பிடிக்கலாம். அது ஓடிப்போகாது. நெப்டியூனைக் கடக்கும் அந்த 1989 ஆகஸ்டு இரவோ ஒரேயொரு முறைதான் வரும்.

இனி வெற்றுக் கூச்சல்கள், அதாவது ஆபத்து இல்லாமலே காவல் எழுப்பும் எச்சரிக்கைகள். 2019 ஜனவரி 8 அன்று ஹபிளின் அகன்புலக் கேமரா 3 தன் மின்னழுத்தம் எல்லை மீறிவிட்டது என்று கண்டு தானே வேலையை நிறுத்தியது. பொறியாளர்கள் பார்த்தபோது மின்னழுத்தம் சரியாகவே இருந்தது. அதை அளந்து சொல்லும் சுற்று தவறான எண்களைச் சொல்லியிருந்தது. அளவீட்டுச் சுற்றை மீளத் தொடக்கியதும் ஜனவரி 17 அன்று கேமரா பணிக்குத் திரும்பியது. ஒன்பது நாள் போனது.

2021-இன் பெரிய முடக்கத்திலும் இதே சந்தேகம் தலைகாட்டியது. முதலில் நினைவகத்தைச் சந்தேகித்தார்கள். மாற்று நினைவகமும் பலிக்கவில்லை. விண்வெளியில் அதற்குமுன் இயக்கியே பார்க்காத மாற்றுக் கணினியை உயிர்ப்பித்தார்கள். அதுவும் அதே பிழையில் நின்றது. அப்படியானால் கோளாறு கணினியில் இல்லை. கடைசியில் மின்விநியோகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மீது கை வைத்தார்கள். கணினிக்கு நிலையான ஐந்து வோல்ட் கொடுக்கும் சீராக்கியும், அந்த ஐந்து வோல்ட் மாறினால் கணினியை நிறுத்தச் சொல்லும் காப்புச் சுற்றும் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. மின்னழுத்தம் உண்மையிலேயே பிசகியிருக்கலாம். அல்லது காலப்போக்கில் காப்புச் சுற்றே நைந்துபோய், எப்போதும் நிறுத்து நிறுத்து என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். காவலை யார் காவல் காப்பது என்ற பழைய கேள்வி ஐந்து வோல்ட் வடிவத்தில் வந்து நின்றது. பெட்டியைத் தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லாததால், ஓய்வுபெற்ற பழைய ஹபிள் ஊழியர்களையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, ஜூலை 15 தொடங்கி இரட்டைப் பெட்டிகளின் மாற்றுப் பக்கத்துக்கு முழுவதுமாக மாற்றினார்கள். ஜூலை 17 அன்று நோக்கல் மீண்டும் தொடங்கியது.

கண்டறிதலில் வாயேஜர் சிறந்ததென்று இதனால் சொல்லிவிட முடியாது. அதன் காவலுக்குக் கண்ணில் படாத பழுதுகள் இருக்கின்றன, அவை சிறியவையும் அல்ல. 2022-இல் வாயேஜர் 1-இன் திசைக்கட்டுப்பாட்டு அமைப்பு அர்த்தமற்ற தொலையளவைத் தரவுகளை அனுப்பத் தொடங்கியது. பல ஆண்டுகளுக்கு முன்பே வேலை செய்வதை நிறுத்திவிட்ட ஒரு கணினி வழியாக அது தரவை அனுப்பிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. கலத்தின் எந்தக் காவல் நிரலும் அதற்கு அசையவில்லை. ஆண்டெனா பூமியைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது, மின்சாரம் சரியாக இருந்தது. காவலின் கணக்கில் எல்லாம் நலம். அடுத்த ஆண்டு நவம்பரில் இன்னும் மோசம். வாயேஜர் 1-இன் தரவுத் தொகுப்புக் கணினி படிக்க முடியாத ஒரே தினுசுப் பிட்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. சமிக்ஞை வந்துகொண்டிருந்தது, செய்தி இல்லை. அந்தக் கணினியின் நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் கெட்டுப்போனதை 2024 வசந்தத்தில் மனிதர்கள்தாம் கண்டுபிடித்தார்கள். கெட்ட சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களில் பிரித்து வைத்தார்கள். ஏப்ரல் 18 அன்று அனுப்பியது சரியாக வேலை செய்கிறது என்பது 20-ஆம் தேதிதான் தெரிந்தது. ஒருவழிப் பயணமே இருபத்திரண்டரை மணி நேரம். நான்கு கருவிகளும் மறுபடி அறிவியல் தரவு அனுப்ப ஜூன் ஆகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். தானியங்கிக் காவல் எதற்காக எழுதப்பட்டதோ அதை மட்டுமே பார்க்கும். வாயேஜரின் நிரல்கள் கலத்தின் உயிரைப் பார்க்க எழுதப்பட்டவை. அறிவியல் தரவு பொருளுள்ளதா என்று பார்க்க எழுதப்பட்டவை அல்ல. ஹபிளிலோ ஒவ்வொரு கருவியும் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அதற்கு வெற்றுக் கூச்சல்களும் அதிகம். கருவியை நெருங்கிக் கவனிக்கும் காவல் அடிக்கடி தடுமாறும். தூர நின்று கலத்தை மட்டும் கவனிக்கும் காவல் அரிதாகவே தவறாக ஓசையிடும், ஆனால் கருவி பிதற்றிக்கொண்டிருப்பதைக் கண்டுகொள்ளாது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், தரை பக்கத்தில் இருக்கும்வரை முதலாவது என்பேன்.

வாயேஜரின் காவல் தன் முழுத் திறமையைக் காட்டிய நிகழ்ச்சியையும் சொல்லிவிட வேண்டும். 2024 அக்டோபர் 16 அன்று வாயேஜர் 1-இல் ஒரு சூடேற்றியைப் போடச் சொல்லி உத்தரவு போனது. அதற்குப் போதிய மின்சாரம் இருந்திருக்க வேண்டும். ஆனால் காவல் நிரல் விழித்துக்கொண்டது. முதலில் ஒலிபரப்பியின் தரவு வேகத்தைக் குறைத்தது. சிக்கல் தீரவில்லை என்று கண்டதும் வழக்கமான ஒலிபரப்பியையே அணைத்துவிட்டு, 1981-க்குப் பிறகு பயன்படுத்தாத, குறைந்த மின்சாரம் இழுக்கும் மற்றொரு ஒலிபரப்பிக்கு மாறியது. நாற்பத்து மூன்று ஆண்டு தூங்கியது எழுந்து பேசியது. அது எழாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையில் வாயேஜர் 1 இறந்தகாலத்தில் வந்திருக்கும். மனிதர் யாரும் இவ்வளவு துணிச்சலாக அந்த மாற்றத்தைச் செய்திருப்பார்களா என்பது சந்தேகமே. நிரலுக்குப் பயம் கிடையாது.

இனி முதுமை. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் நேரெதிர்த் துருவங்களில் தொடங்கிய இரண்டு குழுக்களும் இங்கே ஒரே முடிவுக்கு வந்து சேர்கின்றன.

2021 அக்டோபர் 23 அன்று ஹபிளின் கருவிகள் மறுபடி பிழை காட்டின. காரணம், கருவிகளுக்கு நேரம் ஒத்துப்போகச் சொல்லும் ஒத்திசைவுச் செய்தி ஒன்று தவறிப்போனது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் பல செய்திகள் தவறவே, கருவிகள் பாதுகாப்பு நிலைக்குப் போயின. ஏன் தவறின என்று தேடியும் தெளிவான விடை கிடைக்கவில்லை. கருவிகளை நவம்பர் முதல் டிசம்பர் 6 வரை ஒவ்வொன்றாக எழுப்பினார்கள். அதோடு ஒரு முடிவும் எடுத்தார்கள்: தொடர்ந்து சில செய்திகள் தவறினாலும் கருவி பதறாமல் வேலையைத் தொடரும்படி மென்பொருளை மாற்றுவது. டிசம்பர் நடுவில் அண்டத் தோற்ற நிறமாலைமானியிலிருந்து அந்த மாற்றம் தொடங்கியது. பழுதைக் கண்டுபிடிக்கவில்லை, நீக்கவும் இல்லை. பழுதைப் பொறுத்துக்கொள்ளக் காவலுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

வாயேஜர் 2-இல் இதைவிடத் துணிச்சல். புறப்படும்போது சுமார் 470 வாட் கொடுத்த அணுமின்கலங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் இழந்துகொண்டே வருகின்றன. கருவிகளின் சூடேற்றிகளை முன்பே ஒவ்வொன்றாக அணைத்தாயிற்று. 2019-இல் அண்டக்கதிர் கருவியின் சூடேற்றியை அணைத்தபோது அதன் வெப்பநிலை மைனஸ் 59 டிகிரி செல்சியசுக்குப் போனது. பூமியில் அதைச் சோதித்ததோ மைனஸ் 45 வரைதான். அப்போதும் அது வேலை செய்தது. 2023 ஏப்ரலில், மின்னழுத்தம் ஆடினால் காப்புச் சுற்றை எழுப்பும் சீராக்கிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சிறு மின்சார இருப்பையும் எடுத்துக் கருவிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். காவலின் கூலியைப் பிடித்து உழைப்பவனுக்குக் கொடுத்த கதை. நாற்பத்தைந்து ஆண்டாக மின்சுற்று நிலையாக இருந்திருக்கிறது. அபாயம் சிறியது, கிடைக்கும் அறிவியல் பெரியது என்பது அவர்களின் கணக்கு. 2020 ஜனவரியில் மின்சாரக் குறைவுக்காகக் கருவிகளை அணைத்த அதே கலத்தில், மூன்று ஆண்டு கழித்து மின்சாரத்துக்கான வேறொரு காவலைத் தளர்த்தி அதே கருவிகளை வாழவைத்தார்கள்.

ஹபிள் ஏன் இந்தப் பாதைக்கு வந்தது? தூரம் மாறவில்லை. ஆனால் தூரம் கிலோமீட்டரில் மட்டும் அளக்கப்படுவதல்ல. 1993 தொடங்கி 2009 வரை ஐந்து முறை விண்வெளி வீரர்கள் போய் ஹபிளைத் திறந்து பழுது பார்த்தார்கள். 2008 செப்டம்பரில் கருவிக் கணினிப் பெட்டியின் ஒரு பக்கம் செத்தபோது, கிளம்பத் தயாராக இருந்த பயணத்தையே தள்ளிவைத்து, 2009 மே மாதம் புதுப் பெட்டியையே பொருத்திவிட்டு வந்தார்கள். அந்தப் புதுப் பெட்டிதான் 2021-இல் முடங்கியது. நிறுத்திவிட்டுக் காத்திரு என்ற கொள்கைக்குப் பின்னால், காத்திருந்தால் ஒரு கை வரும் என்ற நம்பிக்கை இருந்தது. 2011-இல் ஷட்டில்கள் ஓய்வு பெற்றதும் அந்தக் கை மறைந்தது. அன்றிலிருந்து பழுதுபார்ப்பைப் பொறுத்தவரை 540 கிலோமீட்டரும் 2,400 கோடி கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றே.

ஆகவே என் தீர்ப்பு இது. கண்டறியும் திறத்தில் ஹபிளின் காவல் நுட்பமானது. மீட்கும் திறத்தில் வாயேஜரின் காவல் பல மடங்கு மேல். இனி அனுப்பப்படும் கலங்களில் பெரும்பாலானவற்றைத் தொட்டுச் சரிசெய்ய யாரும் போகப்போவதில்லை. அவற்றின் கருவிகளுக்கு ஹபிளின் கண்ணையும் வாயேஜரின் கையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கூடவே, காவலைப் பின்னாளில் தளர்த்தும் வழியையும் முதல் நாளே திறந்து வைக்க வேண்டும். எல்லைகளை மாற்ற முடியாதபடி மின்சுற்றிலேயே இறுக்கிவிட்ட காப்பு, நைந்துபோனால் என்ன செய்யக்கூடும் என்பதை அந்த ஐந்து வோல்ட் பெட்டி 2021-இல் காட்டிவிட்டது.